பெயர் இல்லாத நோயைத் தேடுபொறியில் எப்படித் தேடுவது?

எதிர்காலம் இப்போதெல்லாம் குமிழிப் படமாக வருகிறது. வெள்ளைத் திரையில் நூற்றுக்கணக்கான வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு குறிச்சொல். அந்தச் சொல் எத்தனை ஆய்வுக் கட்டுரைகளில் வருகிறதோ அதற்கேற்ப வட்டம் பெரிதாகும். இரண்டு சொற்கள் ஒரே கட்டுரையில் சேர்ந்து வந்தால் நடுவே ஒரு கோடு. பழைய விஷயம் என்றால் நீலம், புதிது என்றால் மஞ்சள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். படத்துக்கு மேலே ஒரு தலைப்பு: 'வளர்ந்துவரும் சமூக, தொழில்நுட்பப் பிரச்சினைகள்.'

இந்தப் படங்களை அமைச்சகங்கள் கேட்கின்றன, நிதி கொடுக்கும் அறக்கட்டளைகள் கேட்கின்றன, மருந்து கம்பெனிகளும் கேட்கின்றன. அடுத்த ஐந்து வருடத்துக்குப் பணத்தை எங்கே போடுவது, எதற்கு விதிமுறை கொண்டுவருவது, எந்தத் துறைக்கு ஆள் எடுப்பது என்று முடிவு செய்ய இவை உதவும் என்று நம்புகிறார்கள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மாதிரியான ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்து கட்டுரைகளை அள்ளி, எண்ணி, படம் வரைந்து கொடுப்பது ஒரு தொழில். என் தொழிலும் அதுதான். எனக்குச் சம்பளம் வருவது இந்தக் குமிழிகளில் இருந்துதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவர் ஒரு வரி சொன்னார்: "டேட்டாபேஸ்ல இல்லன்னா, அது இன்னும் பிரச்சினையா மாறலன்னு அர்த்தம்." அவர் கெட்டவர் இல்லை. ஒரு துறையே நம்புகிற விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரியோடு நான் போடும் சண்டை.

என் வாதம் எளிமையானது. ஒரு பிரச்சினை உண்மையிலேயே புதிதாக முளைக்கும்போது அதற்குப் பெயர் இருக்காது. பெயர் இல்லாததைத் தரவுத்தளத்தில் தேட முடியாது. பெயர் கிடைத்து, நிதி கிடைத்து, கட்டுரைகள் குவிந்து, குமிழி மஞ்சளாகும்போது பிரச்சினைக்கு வயது பத்தோ இருபதோ ஆகியிருக்கும். முன்னெச்சரிக்கை என்று நாம் விற்பது உண்மையில் தாமதமாக எழுதப்பட்ட பதிவேடு. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுப்பவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுகிற ஆட்கள் இல்லை.

*

கருவிக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுவோம்.

இந்தக் கதை யூஜீன் கார்ஃபீல்டிடம் தொடங்குகிறது. யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பட்டியலிட்டால் அறிவியலுக்குள் வழி கண்டுபிடிக்கலாம் என்று 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அமெரிக்க வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புகளைப் பின்தொடரப் பயன்படுத்திய ஒரு அட்டவணைதான் அவருக்கு முன்மாதிரி. 1964இல் பிலடெல்ஃபியாவிலிருந்து அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வாரிசு. டெரெக் டி சோலா பிரைஸ் அந்தத் தரவை வைத்துக்கொண்டு, அறிவியலில் எந்த நேரத்திலும் ஒரு 'ஆய்வு முன்னணி' இருக்கிறது, அதை எண்ணிக்கையால் அடையாளம் காணலாம் என்று 1965இல் காட்டினார். 1973இல் ஹென்றி ஸ்மால், சேர்ந்து மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளைக் கொத்துகளாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு நான் மவுஸைச் சொடுக்கி வரைகிற குமிழிப் படத்தின் பூட்டன், பாட்டன் எல்லாம் இவர்கள்தான்.

கவனியுங்கள், இவர்கள் யாரும் ஊரில் என்ன நடக்கிறது என்று தேடவில்லை. அறிவியலாளர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் தேடினார்கள். அதற்கு இந்தக் கருவி பிரமாதமானது.

இன்னும் ஒரு படி மேலே போனவர் டான் ஸ்வான்சன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் பேராசிரியர், மருத்துவர் இல்லை. ரேனோ நோய் என்று ஒன்று உண்டு. குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். அந்த நோயாளிகளின் ரத்தம் கொழகொழப்பாக இருப்பதாக ஒரு பக்கம் கட்டுரைகள் இருந்தன. மீன் எண்ணெய் ரத்தத்தின் கொழகொழப்பைக் குறைப்பதாக இன்னொரு பக்கம் கட்டுரைகள் இருந்தன. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவே இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்த ஸ்வான்சன், மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவலாம் என்று 1986இல் எழுதினார். பிறகு நடந்த ஒரு மருத்துவச் சோதனை அதற்கு ஆதரவு தந்தது. 1988இல் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இதே மாதிரி பாலம் போட்டார்.

எனக்கு ஸ்வான்சனை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர் எதைத் தேடினார் என்று பாருங்கள். பெருத்துக்கொண்டே போகும் குமிழியை அவர் தேடவில்லை. இரண்டு குமிழிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய கோடு ஏன் இல்லை என்று தேடினார். இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நாங்கள் செய்வது நேர் எதிரானது. எது அதிகமோ அதைக் காட்டுகிறோம். கூட்டம் எங்கே கூடியிருக்கிறது என்று காட்டிவிட்டு, தீ அங்கேதான் பிடித்திருக்கிறது என்கிறோம்.

*

இனி நோய்க்கு வருகிறேன்.

1990களின் நடுவில் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம் பக்கத்து மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து வருபவர்கள் அதிகமாகிக்கொண்டே போனார்கள். நீண்டகாலச் சிறுநீரக நோய்க்கு வழக்கமான காரணங்கள் இரண்டு: சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு. வந்தவர்களில் பலருக்கு இரண்டுமே இல்லை. பெரும்பாலும் நெல் விவசாயிகள், நடுத்தர வயதுக்காரர்கள். வலி இல்லாமல், அறிகுறி இல்லாமல் வருகிற நோய் இது. தெரியவரும்போது சிறுநீரகத்தில் பெரும்பகுதி போயிருக்கும். மெதவச்சிய, பதவிய என்று ஊர்ப் பெயர்கள் மருத்துவர்களின் பேச்சில் அடிபடத் தொடங்கின.

உலகத்தின் இன்னொரு மூலையில், எல் சால்வடாரின் தலைநகரில் இருக்கும் ரோசாலெஸ் அரசு மருத்துவமனையில், இதே கதை. கடலோரச் சமவெளியிலிருந்து ஆண்கள் வருகிறார்கள், சிறுநீரகம் போய்விட்டது, காரணம் தெரியவில்லை. அங்கிருந்த மருத்துவர்கள் நோயாளிகளை முறையாகக் கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. 2002இல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். ஸ்பானிய மொழியில், தங்கள் வட்டாரத்துப் பொதுச் சுகாதார இதழில்.

பக்கத்து நாடான நிகரகுவாவில் சிச்சிகல்பா என்ற கரும்பு ஊர். அங்கே ஒரு குடியிருப்புக்கு 'லா இஸ்லா', அதாவது தீவு என்று பெயர். கரும்பு வெட்டப் போன ஆண்கள் இளம் வயதிலேயே இறந்துகொண்டே இருந்ததால் அது 'விதவைகளின் தீவு' ஆனது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில், தென்னையும் முந்திரியும் விளையும் கடலோரத்தில், இதே நோய்.

இப்போது 2003இல் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஒரு தரவுத்தளத்தில் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன சொல்லைப் போடுவீர்கள்?

'நீண்டகாலச் சிறுநீரக நோய்' என்று போட்டால் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் கொட்டும், எல்லாம் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. அந்தப் பெரிய குமிழிக்குள் இந்த நோய் சர்க்கரைக் கரைசலில் உப்புக்கல் போலக் கரைந்துபோயிருக்கும். இதற்கென்று தனிப் பெயர் கிடையாது. பிறகு பெயர் வந்தபோதும் மூன்று பெயராக வந்தது. இலங்கையில் 'காரணம் அறியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோய்'. நடு அமெரிக்காவில் 'மீசோஅமெரிக்கச் சிறுநீரக நோய்'. ஆந்திராவில் 'உத்தானம் சிறுநீரக நோய்'. மூன்று பெயர், மூன்று குட்டிக் குமிழி, நடுவே கோடு இல்லை. நடு அமெரிக்க ஆய்வாளர்கள் கோஸ்டா ரிகாவில் ஒரு சர்வதேசப் பட்டறை கூட்டி இதை ஒரே நோயாக உட்கார்ந்து பேசியது 2012 நவம்பரில். அனுராதபுரத்து மருத்துவர்கள் கவனித்து ஏறத்தாழ பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆக, யாருக்கு முதலில் தெரியும்? மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எழுதியவருக்குத் தெரியும். டயாலிசிஸ் மெஷின் பற்றாமல் யாரை முதலில் ஏற்றுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்த நர்ஸுக்குத் தெரியும். விதவைகளின் தீவு என்று பெயர் வைத்த ஊர்க்காரர்களுக்கு எல்லோரையும்விட நன்றாகவே தெரியும். யோசித்துப் பாருங்கள், அந்தப் பெயர்தான் அந்தப் பிரச்சினைக்குக் கிடைத்த முதல் குறிச்சொல். எந்த அட்டவணையிலும் அதற்கு இடம் இல்லை.

*

"சரி, தாமதமாக வந்தாலும் கடைசியில் வந்துவிட்டதே, குமிழி பெருத்ததும் நல்லதுதானே?" என்று கேட்கலாம். இங்கேதான் இரண்டாவது ஆபத்து.

இலங்கை நோயைப் பற்றி ஒருவழியாகக் கட்டுரைகள் குவியத் தொடங்கின. காட்மியம், ஆர்சனிக், ஃபுளூரைடு, கடினநீர், பூச்சிக்கொல்லி, வெயில் என்று ஒவ்வொரு குழுவும் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பங்களிப்போடு நடந்த பெரிய ஆய்வு 2013இல் காட்மியத்தைச் சுட்டியது. 2014இல், கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி கடினநீரோடும் உலோகங்களோடும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. அது ஒரு கருதுகோள் கட்டுரை. 'இப்படி இருக்கலாம்' என்று முன்வைத்ததே தவிர, புதிய சோதனை முடிவுகளைத் தரவில்லை. ஆனால் அது வேகமாகப் பரவியது. 2015இல் இலங்கை அரசு கிளைஃபோசேட்டைத் தடை செய்தது. தேயிலைத் துறை தொடர்ந்து முறையிட்டது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. 2022இல் முழுதாகவே நீக்கப்பட்டது.

நான் களைக்கொல்லி கம்பெனிக்கு வக்காலத்து வாங்கவில்லை. அதைத் தடை செய்ய வேறு காரணங்கள் இருக்கலாம். என் கேள்வி, அந்த நேரத்தில் ஒரு குமிழிப் படம் வரைந்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்பது. ஒரு கருதுகோளையும், அதை மேற்கோள் காட்டியவர்களையும், மறுத்தவர்களையும் சேர்த்துப் பெருத்த ஒரே மஞ்சள் வட்டமாகக் காட்டியிருக்கும். ஏனென்றால் மேற்கோளுக்குத் தலையாட்டத் தெரியாது. 'ஆமாம்' என்று சொல்லும் மேற்கோளும் 'இல்லவே இல்லை' என்று சொல்லும் மேற்கோளும் கணக்கில் தலா ஒன்று.

இந்த நோய்க்கு முடிவான ஒற்றைக் காரணம் இன்றும் நிறுவப்படவில்லை. நடு அமெரிக்காவைப் பொறுத்தவரை கடும் வெயிலில் ஓய்வில்லாத உடலுழைப்பும் நீரிழப்பும் வலுவான சந்தேகத்துக்குரியவை. அங்கே சில கரும்புத் தோட்டங்களில் செய்த தலையீடு என்ன தெரியுமா? தண்ணீர், நிழல், ஓய்வு. கரும்பு வெட்டுபவனுக்கு இடையிடையே உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் கொடுப்பது. இதைச் சொல்ல ஒரு மேஸ்திரியே போதும். ஆனால் 'நிழல்' என்பது எந்த ஆய்வு முன்னணியிலும் மஞ்சள் குமிழி ஆகாது. அதற்குக் காப்புரிமை கிடையாது, அதனால் நிதியும் கிடையாது.

*

குமிழி பெருப்பதை நம்பினால் வரும் கேடு இது. சுருங்குவதை நம்பினால் வரும் கேட்டை நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்து பார்த்தோம்.

2002, 2003இல் சார்ஸ் வந்தது. கொரோனா வைரஸ் பற்றிய கட்டுரைகள் ஒரேயடியாக உயர்ந்தன. நோய் அடங்கியதும் ஆர்வமும் அடங்கியது, நிதியும் வற்றியது, கோடு இறங்கியது. 2012இல் மெர்ஸ் வந்தபோது கொஞ்சம் எழும்பி மறுபடி தளர்ந்தது. 2019 நடுவில் யாராவது என்னிடம் 'வளர்ந்துவரும் தொற்று அபாயங்கள்' என்று படம் கேட்டிருந்தால், கொரோனா வைரஸ் 'முதிர்ந்த, வளர்ச்சி குறைந்த தலைப்பு' என்ற மூலையில் நீல நிறத்தில் உட்கார்ந்திருக்கும்.

இத்தனைக்கும் எச்சரிக்கை அதே தரவுத்தளத்துக்குள்தான் இருந்தது. 2007இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் ஒரு நீண்ட மீளாய்வுக் கட்டுரையில், வௌவால்களிடம் இருக்கும் சார்ஸ் போன்ற வைரஸ்களின் கையிருப்பையும் காட்டு விலங்குகளை உண்ணும் பழக்கத்தையும் சேர்த்து ஒரு வெடிகுண்டுக்கு ஒப்பிட்டிருந்தார்கள். ஒரே ஒரு கட்டுரை. எண்ணிக்கையில் ஒன்று. படித்தால் பதறும், எண்ணினால் ஒன்றுதான்.

நோய் உண்மையில் வந்தபோது செய்தி எப்படி வெளியே தெரிந்தது? 2019 டிசம்பர் 30 அன்று வூஹான் மருத்துவர் லி வென்லியாங் சக மருத்துவர்களுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி. அதே நாளில், சீன மொழியில் சுற்றிய தகவலைப் பார்த்து, தொற்றுநோய்களைக் கண்காணிக்கும் ப்ரோமெட் வெளியிட்ட எச்சரிக்கை. நோயாளிகளை விவரித்த பெரிய ஆங்கிலக் கட்டுரைகள் 'லான்செட்'டிலும் 'நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழிலும் வந்தது 2020 ஜனவரி 24 அன்று. வரலாற்றிலேயே மிக வேகமாக வெளியான கட்டுரைகளில் சேரும். அதற்கே மூன்றரை வாரத்துக்கு மேல் தாமதம். ஜனவரி 23 அன்றே வூஹான் நகரம் பூட்டப்பட்டுவிட்டது.

*

இன்னொரு விஷயத்தைப் பற்றி என் துறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. குமிழிக்குள் குப்பை இருக்கிறது.

கட்டுரை எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வு, எண்ணிக்கையை வைத்துக் கல்லூரித் தரவரிசை என்று ஆன பிறகு, கட்டுரையை ஆலையில் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2021இல் கிய்யோம் கபானாக்கும் கூட்டாளிகளும் 'சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள்' என்று ஒரு வேடிக்கையை அம்பலப்படுத்தினார்கள். காப்பியடித்தது தெரியாமலிருக்க மென்பொருளை வைத்துச் சொற்களை மாற்றுவார்கள். அப்போது 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'கள்ள உணர்வு' ஆகிவிடும். 'மார்பகப் புற்றுநோய்' என்பது 'நெஞ்சாபத்து' ஆகிவிடும். இவையெல்லாம் நிபுணர்கள் சரிபார்த்ததாகச் சொல்லும் இதழ்களில் அச்சாகியிருக்கின்றன. 2023இல் மட்டும் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் 8000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. 'தாவர மின்னணு நுண்ணோக்கியியல்' என்று ஒரு சொல் கட்டுரைகளில் தென்பட ஆரம்பித்தது. அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. 1959இல் வந்த ஒரு கட்டுரை, பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அச்சாகியிருந்தது. அதை டிஜிட்டல் ஆக்கும்போது இடது பத்தியின் ஒரு சொல்லும் வலது பத்தியின் சொற்களும் ஒட்டிக்கொண்டன. பாரசீக மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதில் ஒரு புள்ளி வித்தியாசமும் இதற்குக் கைகொடுத்தது என்கிறார்கள். அப்படி இல்லாத ஒரு நுண்ணோக்கி இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் குடியேறிவிட்டது. என் மென்பொருளிடம் கொடுத்தால் அதையும் புதிதாக எழும் குறிச்சொல் என்று மஞ்சள் தடவித் தரும்.

விதவைகளின் தீவுக்கு இடம் இல்லாத அட்டவணையில், இல்லாத நுண்ணோக்கிக்கு இடம் இருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

*

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. இரண்டும் லேசானவை அல்ல.

முதலாவது: ஊர்ப் பேச்சையும் ஒற்றை மருத்துவரின் சந்தேகத்தையும் நம்ப ஆரம்பித்தால் பொய் எச்சரிக்கைகள் பெருகும். சரிதான். வதந்தியால் மனிதர்களை அடித்துக் கொன்ற நாடு இது. ஆனால் தரவுத்தளம் நம்மைப் பொய்யிலிருந்து காப்பாற்றியதா? தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற புரளிக்கு உயிர் கொடுத்தது டீக்கடைப் பேச்சு அல்ல. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் 12 குழந்தைகளை வைத்து எழுதி, 1998இல் 'லான்செட்'டில் வெளியான கட்டுரை அது. திரும்பப் பெற 2010 வரை ஆனது. நான் கேட்பது ஊர்ப் பேச்சை ஆதாரமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி அல்ல. ஆதாரம் வேறு, அறிகுறி வேறு. அறிகுறி என்பது போய்ப் பார்க்க வேண்டிய இடத்தின் முகவரி. அதற்கு ஆய்விதழ் முத்திரை வேண்டும் என்று நாம் அடம்பிடிப்பதால்தான் போய்ப் பார்க்கவே பதினைந்து வருடம் ஆகிறது.

இரண்டாவது வாதம் புதியது: "இனிமே கீவேர்டே வேண்டாம் சார், ஏஐ எல்லாத்தையும் படிச்சு அர்த்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடும்." ஓரளவு உண்மை. மூன்று பெயரில் இருந்த ஒரே நோயை இன்றைய மொழி மாதிரிகள் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கக்கூடும். ஸ்வான்சன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் எதைப் படிக்கும்? எழுதப்பட்டதை. அதிலும் டிஜிட்டல் ஆனதை. அதிலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதை. ஓ.பி. சீட்டு அதில் கிடையாது. கிராம சபையில் கொடுத்த மனு கிடையாது. உள்ளே வராத ஒன்றைப் படிக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. வாசிப்பவரின் வேகத்தைக் கூட்டினால் நூலகத்தில் இல்லாத புத்தகம் வந்து சேர்ந்துவிடுமா?

*

நம் பக்கத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்பவர்களின் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' என்ற நாவலாக எழுதினார். அவர் களத்துக்குப் போய்த் தங்கி, பேசி, பார்த்து எழுதுகிறவர். அந்த நாவல் வந்தது 1970களின் இறுதியில். வெயில், உப்பு, உழைக்கும் உடம்பு என எல்லாம் அதில் இருக்கிறது.

பல வருடம் கழித்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவர் குழுவும் தமிழ்நாட்டில் வெயிலில் வேலை செய்பவர்களை அளந்தார்கள். உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகத்தையும் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய ஆய்வுகளில் என்னை நிறுத்திய ஒரு விஷயம்: வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலில் நின்றுகொண்டு தாகத்தை அடக்குகிறார்கள். உடம்பு என்ன ஆகும்?

இந்தப் பிரச்சினைக்குக் குறிச்சொல் என்ன, சொல்லுங்கள். வெப்பமா? சுகாதாரமா? சிறுநீரகமா? பெண்கள் உரிமையா? தொழிலாளர் சட்டமா? ஐந்து குமிழியிலும் ஓரத்தில் ஒரு கால் வைத்திருக்கும், எதிலும் நடுவில் இருக்காது. ஆனால் உப்பளத்தில் வேலை செய்யும் எந்த அக்காவிடம் கேட்டாலும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்: "ஒதுங்க இடமில்ல, அதான் தண்ணி குடிக்கிறதில்ல." பிரச்சினை அவர் வாயில் முழுசாக இருக்கிறது. அட்டவணைக்குப் போகும்போதுதான் ஐந்து துண்டாகிறது.

அந்த ஆய்வு நல்ல ஆய்வு, அது தரவுத்தளத்துக்குள் வந்ததும் நல்லது. ஆனால் அது அங்கே வந்தது ஆய்வாளர்கள் உப்பளத்துக்கு நடந்து போனதால். குமிழிப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போயிருக்கவே முடியாது.

அப்படியென்றால் தரவுத்தளத்தைத் தூக்கி எறியலாமா? மாட்டேன். பிழைப்பு போய்விடும் என்பதால் மட்டும் அல்ல. அதை வேறு மாதிரி பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, மௌனத்தை அளக்கலாம். டயாலிசிஸ் பதிவேடுகள், தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள், ஊர்ப் பத்திரிகைச் செய்திகள் ஒரு பக்கம். அதே விஷயத்தில் ஆய்வுக் கட்டுரைகள் இன்னொரு பக்கம். முதலாவது அதிகமாகவும் இரண்டாவது பூஜ்யமாகவும் இருக்கிற இடம்தான் உண்மையான முன்னணி. ஸ்வான்சன் தேடியது மாதிரி, இல்லாத கோட்டைத் தேட வேண்டும்.

இரண்டு, அட்டவணையையே அகலப்படுத்தலாம். இப்போது அதற்கு வழி பிறந்திருக்கிறது. 2022இல் ஓபன்அலெக்ஸ் என்ற இலவசத் தரவுத்தளம் வந்தது. பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு இதன் பக்கம் வந்தது. பூட்டிய பெட்டியைக் குறை சொல்ல மட்டும்தான் முடியும். திறந்த பெட்டிக்குள் நாமே ஏதாவது போடலாம். இலங்கைத் தமிழர்கள் 2005இலிருந்து 'நூலகம்' என்ற இணைய நூலகத்தை நடத்துகிறார்கள். நூல்கள், சிற்றிதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள் என்று அவர்கள் சேர்த்து வைத்திருப்பதில் எத்தனை அறிகுறிகள் தூங்குகின்றனவோ! ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் எத்தனையோ! என் துறைக்காரர்கள் யாரும் அங்கே தேடிப் பார்த்ததாக எனக்குத் தெரியாது. எதிர்காலம் தமிழில் எழுதப்பட்டிருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

மூன்று, குமிழிப் படம் யார் கொண்டுவந்து நீட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை எழுத யார் பணம் கொடுத்தார்கள்? எந்த மொழியில் எழுதினார்கள்? இதைப் பற்றி எழுத முடியாதவர்கள் யார்? நீங்கள் பத்திரிகையாளர் ஆகலாம், அதிகாரி ஆகலாம், பிஎச்டி தலைப்பு தேடிக்கொண்டிருக்கலாம். முக்கியமாகக் கடைசி ரகத்தினருக்குச் சொல்கிறேன். 'டிரெண்டிங் டாபிக்' எது என்று ஸ்கோபஸில் பார்த்துத் தலைப்பு எடுக்கச் சொல்லி உங்கள் கைடு சொல்லுவார். அந்தத் தலைப்பில் உங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவிடம், "இப்பல்லாம் எந்த மாதிரி கேஸ் அதிகமா வருதுக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு இன்னும் குறிச்சொல் இருக்காது. அதை வைக்க வேண்டியது நீங்கள்தான்.